களத்து நெல்லும் பள்ளிச் சுண்ணாம்பும்

பழமையான வழிபாட்டுத் தலம் ஒன்றைச் செப்பனிட ஊர்மக்களிடம் நிதி திரட்டுவதும் புதிய தலம் ஒன்றைக் கட்ட நிதி திரட்டுவதும் ஒன்றுபோலத் தோன்றினாலும், இரண்டும் வெவ்வேறு தொழில்கள் என்பது இலங்கையின் அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் அப்பணியில் ஆண்டுகள் பல செலவிட்டோர் பட்டறிந்த உண்மையாகும். மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று தொடரும் இவ்வூர்களில் பள்ளிவாசலுக்குக் கொடுக்க மறுக்கும் வீடு அரிது. இரண்டு மாடி எழுப்பப்போவதாக ஒரு வரைபடத்தைச் சட்டமிட்டுப் பள்ளியின் முகப்பில் தொங்கவிட்டால், நெல் வியாபாரியும் தோணி முதலாளியும் வெளிநாட்டில் தொழில் புரிவோரும் தத்தம் பங்கைத் தாமாகவே தேடிவந்து கொடுப்பர். அதே ஊரில், நூறாண்டு கடந்த சுவரையும் மரத்தூணையும் ஓட்டுக்கூரையையும் உள்ளபடியே காத்து நிறுத்துவதற்கென்று கேட்கப் போனால், “இடித்துப்போட்டுப் புதிசாய்க் கட்டினால் என்ன?” என்ற கேள்வியே வாசலில் எதிர்கொள்கிறது. அக்கேள்விக்கு விடை தேடிய அனுபவத்தில் தெளிவான ஒன்று உண்டு: பணம் எவ்வழியில் வருகிறதோ அவ்வழியே கட்டடத்தின் வடிவையும் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. ஆகவே, பழைய பள்ளியைக் காக்க விரும்புவோர் பணத்தின் அளவைக் காட்டிலும் அது வரும் வழியைப் பற்றியே முதலில் சிந்திக்க வேண்டியவராகின்றனர்.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு மிகப் பழைய சான்று கஃபாவே ஆகும். நபிகள் நாயகம் அவர்களுக்கு ஏறத்தாழ 35 வயதாக இருந்த காலத்தில், அதாவது நபித்துவத்துக்கு முன்னர், வெள்ளத்தால் பழுதுற்ற கஃபாவை மக்காவின் குறைஷியர் மீளக் கட்ட முனைந்தபோது, வட்டியாலோ விபசாரத்தாலோ பிறருக்கு அநீதி செய்தோ ஈட்டிய பணம் அதில் சேரலாகாது என்று தமக்குள் விதித்துக்கொண்டனர். அந்த நிபந்தனைக்கு உட்பட்டுச் சேர்ந்த பணம் முழுக் கட்டடத்துக்கும் போதாமற்போகவே, ஒரு பக்கத்தை வெளியே விட்டுச் சிறு சுவரால் அதன் எல்லையைக் குறித்தனர். ஹஜ்ஜுக்குப் போய்வந்தோர் ஹதீம் என்று சுட்டும் அந்த வளைவான பகுதி அவ்வாறு வெளியே நின்றதுதான். தூய பணம் குறைந்தபோது கட்டடத்தைச் சுருக்கினார்களே ஒழிய, பணத்தின் வழியை அவர்கள் மாற்றவில்லை. பள்ளி நிதிக்காக வெள்ளிக்கிழமை மேடையில் பேசுவோர் இந்நிகழ்வை அடிக்கடி எடுத்துரைப்பதுண்டு; ஆயின் அதன் கட்டடவியல் பொருளை, அதாவது நிதியின் நெறி கல்லின் அளவையே மாற்றிவிட்டது என்பதை, விரித்துச் சொல்வோர் குறைவு.

கிழக்குக் கரையின் பள்ளிகளுக்குப் பணம் வந்த வழியை விளங்கிக்கொள்வதற்கு அங்குள்ள சமூக அமைப்பை ஓரளவு அறிதல் வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் இக்கரையில் குடியேற்றிய பின்னர், அதற்கு முன்பே இங்கிருந்தோரோடு அவர்கள் கலந்து வளர்ந்த ஊர்களில், தாய்வழியாகக் கணக்கிடப்படும் ‘குடி’ என்னும் முறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக நிலைத்தது. ஒருவரின் குடி அவருடைய தாயின் குடியே; மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் வாழ்வான்; வீடும் பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகச் செல்லும். மானிடவியலறிஞர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு பல்லாண்டு ஆய்ந்து 2008இல் வெளியிட்ட நூல் இவ்வமைப்பை விரிவாகப் பதிவு செய்துள்ளது. பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடிக்கு ஒருவராக ‘மரைக்காயர்’ என்னும் பொறுப்பாளர் அமர்வது வழக்கமாக இருந்தது; சில ஊர்களில் அப்பெயரும் பொறுப்பும் இன்றும் வழக்கில் உள்ளன. கோயில்களில் வண்ணக்கர் என்னும் பொறுப்பாளர் செய்யும் பணிக்கு இது ஒப்பானது. இன்று சட்டத்தின் பார்வையில் பள்ளியை நடத்துவது ‘நம்பிக்கையாளர் சபை’யாகும், 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க முஸ்லிம் பள்ளிவாசல்கள், தரும நம்பிக்கைப் பொறுப்புகள் அல்லது வக்புகள் சட்டத்தின்கீழ் பள்ளிகள் பதியப்படுகின்றன, வக்பு சபை அச்சபைகளை மேற்பார்வை செய்கிறது. வக்பு என்பது, ஒரு சொத்தை விற்கவோ பிரிக்கவோ இயலாதபடி இறைவழியில் நிரந்தரமாகக் கட்டிவைத்தலைக் குறிக்கும் அரபுச் சொல்.

நிதி திரட்டுவோருக்குக் குடிமுறையின் பயன் வெறும் வரலாற்றுச் செய்தியன்று. ஊர் முழுவதற்கும் ஒரே பட்டியலை எடுத்துக்கொண்டு வீதிவீதியாகச் சென்ற குழுக்கள் அரைப்பங்கும் தேறாமல் திரும்பியிருக்க, குடிவாரியாகப் பிரித்து அந்தந்தக் குடியின் பெரியவரிடம் பொறுப்பை ஒப்படைத்தபோது விடுபட்ட வீடுகளே இல்லாமற்போனதை இத்தொழிலில் உள்ளோர் கண்டுள்ளனர். மூத்த பள்ளியொன்றின் இந்தத் தூண் இன்ன குடியார் காட்டிலிருந்து இழுத்துவந்த மரம், அந்தக் கிணறு இன்ன குடிப் பெண்ணொருத்தியின் வக்பு என்ற நினைவுகள் குடிப்பெரியவர்களிடமே தங்கியிருக்கின்றன. தூணை மாற்றப்போவதாகச் சொன்னால் தலையசைத்துவிட்டுப் போகும் ஒருவர், தம் மூதாதையர் கொடுத்த மரம் செல்லரிக்கிறது என்று அறிந்ததும் அதைக் காக்கும் செலவை முழுதாக ஏற்க முன்வருகிறார். பழைய கட்டடத்துக்காக நிதி கேட்போர் பையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம் இந்த நினைவுகளைத் தொகுத்த கொப்பிதான். பொறியியலாளரின் மதிப்பீடு அதற்குப் பின்னரே வரும்.

இக்கரையின் பழம்பள்ளிகளுள் தனித்து நிற்பது கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடங்கியுள்ள சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக எழுந்த தர்காவைக் கொண்டது அது. அவரை இக்கரையோர் ‘நாகூர் ஆண்டகை’ என்பர். அடக்கத்தலம் நாகூரிலேயே இருப்பதால், கல்முனைக்குடியில் உள்ளது கப்பலோட்டிகளும் வணிகரும் கடல்வழியே பரப்பிய நினைவுத்தலங்களில் ஒன்றாகும். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவ்வாறே நாகூர் தர்காக்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் எழுந்தன. தமிழ் முஸ்லிம்கள் கரையிறங்கிய துறைகளில் எல்லாம் அப்பெயர் இறங்கியது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் நடைபெறும் கல்முனைக்குடிக் கொடியேற்றம் இரு நூற்றாண்டு அளவில் தன் ஆண்டுகளை எண்ணி வருகிறது. அவ்விழா நாட்களில் உண்டியலில் விழும் காசும் கந்தூரி விருந்துக்கு வரும் அரிசியும் ஆடும் பள்ளியின் பழைய வருவாய்களாகும். இஸ்லாமிய மாதம் நிலவைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னோக்கி நகர்கிறது. அதனால் கொடியேற்றம் சில ஆண்டுகளில் அறுவடையோடு பொருந்தியும் சில ஆண்டுகளில் விதைப்புக் காலத்துக் கைவறட்சியில் விழுந்தும் வருவாய் ஏறியிறங்கும் என்பதைக் கணக்கர்கள் அறிவர்.

தர்கா வழக்கங்களை ஏற்காதோரும் இவ்வூர்களில் உண்டு. அவர்களும் அதே மஹல்லாவின், அதாவது பள்ளியை மையமாகக் கொண்ட குடியிருப்புப் பகுதியின், உறுப்பினர்களே. “தொழும் இடத்துக்குக் கொடுப்பேன், கொடிக்குக் கொடேன்” என்று ஒருவர் சொன்னால் அதனை எதிர்ப்பாகக் கொள்ளாமல் நிபந்தனையாகக் கொள்வதே முறை. தொழுகை மண்டபத்துக்கு ஒரு கணக்கும் விழாவுக்கு வேறொரு கணக்கும் வைத்து, ஒன்றின் பணம் மற்றொன்றுக்குப் போகாது என்று எழுத்தில் காட்டிய இடங்களில், கொள்கையால் பிரிந்தோர் பழைய சுவரைக் காப்பதில் ஒன்றுசேர்ந்துள்ளனர். கொடுப்போரின் நிபந்தனையைக் காப்பது வக்பு நெறியின் அடிப்படையுமாகும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் எழுந்து வந்தபோது, இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகியவற்றின் கடலோரக் குறிச்சிகள் வீட்டோடும் மனிதரோடும் அழிந்தன. கடற்கரைப் பள்ளியும் அலையின் நேர்வழியில் நின்றது. சுனாமிக்குப் பின்னரான நிதிப்பணி, அதுவரை ஊர் அறிந்திருந்த எல்லாக் கணக்குகளையும் புரட்டிப்போட்டது. ஏனெனில், பள்ளியின் நிலையான வருவாய் ‘சந்தா’ எனப்படும் மாதாந்த வீட்டுக்கொடை. அதனைக் கொடுத்த வீடுகளே இல்லை. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று அரசு தொடக்கத்தில் அறிவித்த தடைவலயம் பின்னர் குறைக்கப்பட்டாலும், அதற்கிடையில் குடும்பங்கள் உட்பக்கத் திட்ட வீடுகளுக்குப் பெயர்ந்தன. பள்ளி கரையில் நிற்க, தொழுவோர் அப்பால் போய்விட்ட நிலை அது. சந்தாப் பட்டியலின் ஒரு பக்கத்தில் 20 பெயர் இருந்தால் அவற்றுள் சிலவற்றின் எதிரே ‘மவுத்து’ என்றும், சிலவற்றின் எதிரே புதிய குடியிருப்பின் பெயரும், எஞ்சியவற்றின் எதிரே ஒன்றும் எழுதப்படாமலும் இருந்த அந்தக் கொப்பிகளை மீண்டும் பிரித்துப் பார்க்கப் பலருக்கு இன்றளவும் மனம் வருவதில்லை.

அக்காலத்தில் வெளிநாட்டு உதவி வெள்ளம்போல் வந்தது. வந்த பணத்தின் இயல்பு கட்டடங்களில் பதிந்தும் போனது. குறித்த காலத்துக்குள் செலவிட்டு முடிக்க வேண்டிய பணம், திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் வேண்டும் பணம், பழைய சுவரில் உப்பு எடுக்கும் மெதுவான வேலையை ஏற்பதில்லை; இடித்துக் கட்டுவதையே அது விரும்பும். கொடுத்தோர் மனத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. துயரில் கைகொடுத்தவர்கள் அவர்கள். எனினும், சிறிய பழுதுகளோடு நின்ற பழைய பள்ளிகள் சில அக்காலத்தில் வேண்டாமலே இடிபட்டன என்பதையும், எவரும் அளந்தோ படமெடுத்தோ வைக்காத மிஹ்ராப்கள், அதாவது தொழுகைக்குரிய கிப்லாத் திசையைக் காட்டும் சுவர்மாடங்கள், கல்லும் மண்ணுமாய் டிரக்டரில் ஏறிப்போயின என்பதையும் வருத்தத்தோடு பதிவு செய்யவே வேண்டும்.

உப்பு எடுக்கும் வேலை என்றது இதனையே. கடல்நீர் ஊறிய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் காயும்போது, உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து மாப்போல வெளுத்துப் பூக்கும். பூக்கும்போது படிகமாகிப் பருத்துச் சாந்தை உதிர்க்கும். சுவரில் விரலை மடக்கித் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், பிடி விட்ட இடம் பொக்கென்றும் ஒலிக்கும்; அனுபவமுள்ள மேசன் அவ்வொலியைக் கேட்டபடியே கரிக்கட்டியால் வட்டமிட்டுச் செல்வார். அந்த வட்டங்களின்மேல் சீமெந்து பூசினால் பார்வைக்கு அழகாகிவிடும். ஆனால் சீமெந்து ஈரத்தை வெளியே விடாது என்பதால், உள்ளே அடைபட்ட உப்பு இரண்டொரு மாரியில் சீமெந்தோடு சேர்த்துப் பழைய கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும். முறையான வழி, பிடி விட்ட சாந்தை மட்டும் சுரண்டி, கடதாசிக்கூழும் களியும் குழைத்த ஒத்தடக் களிம்பைச் சுவரில் அப்பி உப்பை உறிஞ்ச விட்டு, காய்ந்தபின் எடுத்தெறிந்து, மீண்டும் அப்பி, உப்பு தணிந்த பின்னர் சுண்ணாம்புச் சாந்தே பூசுவதாகும். சுண்ணாம்பு மூச்சு விடும் பொருள். அதனைக் குழியில் நீர்த்து வாரக்கணக்கில் புளிக்க விட வேண்டும். ஒரு பூச்சுக் காய்ந்த பின்னரே அடுத்த பூச்சு. பழைய நாட்களில் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம் முருகைக்கல் அகழ்வைத் தடைசெய்துவிட்டமையால், இன்று வேறு சுண்ணாம்பே வாங்க வேண்டும். சுவரிலிருந்து விழும் பழைய கல் ஒன்றையேனும் வீசியெறியாமல் திருப்பி வைக்க வேண்டுவதும் அதனாலேயே.

நிதிப் பணியின் நுட்பம் இந்தச் சுண்ணாம்பில்தான் ஒளிந்திருக்கிறது. கொங்கிரீட் தட்டு ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டியது. கம்பி, சீமெந்து, கல், ஆள் எல்லாவற்றுக்கும் உரிய பணம் அன்று காலை கையில் இருந்தாக வேண்டும். அவ்வளவு பணத்தை ஒரே தடவையில் வைக்கக்கூடியவர் தனவந்தர் ஒருவரோ இருவரோதான். வைத்தவர் சொல்லும் வடிவம்தான் பள்ளியின் வடிவமாகும். சுண்ணாம்பு வேலையோ பூச்சுப் பூச்சாக, சுவர் சுவராக, மாரி வந்தால் நின்று வெயில் வந்தால் தொடர்ந்து நடப்பது. ஊரின் சிறுபணமும் அப்படியே வருகிறது: பெரும்போக வெள்ளாண்மை வெட்டும் மாதங்களில் கொஞ்சம், சிறுபோகத்தில் கொஞ்சம், மீன்பாடு நல்ல வாரங்களில் கொஞ்சம், மருதமுனைத் தறிகளில் பெருநாளுக்கு முன் சாறன் விற்பனை ஏறும்போது கொஞ்சம். வேலையின் நடையும் பணத்தின் நடையும் ஒத்துப்போவதை உணர்ந்து, “முழுப் பணமும் சேர்ந்த பின்னர் தொடங்குவோம்” என்ற எண்ணத்தைக் கைவிட்டு, முதல் போகத்துப் பணத்தில் ஒரு சுவரை மட்டும் முடித்து ஊருக்குக் காட்டிய பள்ளிகளே வெற்றி பெற்றன. முடிந்த ஒரு சுவர் செய்யும் வேலையை நூறு துண்டுப் பிரசுரமும் செய்வதில்லை. அதற்கு மாறாக, பெருங்கொடையை நம்பிப் பழையதை இடித்துவிட்டு, கொடை வராமல், தூண்களின் தலையில் கம்பிகள் துருவேறி வானத்தைப் பார்த்து நிற்க, தகரக் கொட்டிலில் தொழுகை நடக்கும் காட்சி இக்கரைக்குப் புதிதன்று.

களத்து நெல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அதன் பெருங்குளமான சேனாநாயக்க சமுத்திரமும் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கத்து வயல்களுக்கு நீரை உறுதிசெய்த பின்னர், நெல்லே இப்பகுதிப் பள்ளிகளின் பெரிய நிதியாயிற்று. ஆயினும் களத்தில் கிடைக்கும் நெல் எல்லாம் ஒரே வகையானதன்று. நிதி திரட்டுவோர் மார்க்கச் சட்டம் அறியாமல் அங்கே இறங்கலாகாது. விளைச்சலின்மீது கடமையாகும் ஸகாத், மழைநீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கும், செலவிட்டுப் பாய்ச்சிய நீரில் விளைந்ததற்கு இருபதில் ஒரு பங்குமாகும். அது ஏழைகளின் உரிமை. ஸகாத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் வரையறுத்துள்ளது. பள்ளிக் கட்டடம் அவ்வெட்டினுள் அடங்காது என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் முடிவு. ஆதலால், பள்ளிக்கு ஏற்கத்தக்கவை, ஒருவர் விரும்பிக் கொடுக்கும் ஸதகாவும், இறந்த பின்னும் நன்மை தொடரும் என்ற நம்பிக்கையில் கொடுக்கும் ‘ஸதகா ஜாரியா’ என்னும் நிலைத்த தருமமும், வக்புமே. ஒரு விவசாயி ஸகாத் நெல்லைக் காட்டி “இதைப் பள்ளிக்கு எடுங்கோ” என்று சொல்லும்போது அதனை ஏற்றுவிடுவது எளிது. “வாப்பா, இது பள்ளிக்கு ஆகாது, இன்ன விதவையின் வீட்டுக்கு அனுப்புங்கோ” என்று சொல்லி வெறுங்கையோடு திரும்புவது கடினம். அப்படித் திரும்பியவரையே அடுத்த போகத்தில் அந்த விவசாயி தானாக அழைத்து, ஸகாத்தைப் பிரித்த பின் எஞ்சிய நெல்லிலிருந்து மூட்டைகளை அளந்து கொடுத்ததைக் கண்டோர் உண்டு. ரமழான் மாதம் மக்கள் அதிகமாகக் கொடுக்கும் மாதம் என்பது உண்மையே; 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அது மார்ச்சில், அறுவடையின் நிழலிலேயே வந்தது. எனினும் அம்மாதத்துக் கொடையின் முதல் உரிமை ஏழைக்கே என்று கொண்டு, கட்டட வசூலைப் பெருநாளுக்குப் பின் தள்ளிவைப்பதே நேர்மையான வழக்கம்.

பெண்களின் பங்கு கணக்கேடுகளில் மறைந்து கிடக்கிறது. வீடு பெண்ணுக்குரியதாக இருக்கும் இவ்வூர்களில் சந்தாப் பட்டியலோ ஆண்களின் பெயரில் ஓடுகிறது; பற்றுச்சீட்டும் அவர்கள் பெயருக்கே. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை வேறு பானையில் எடுத்துவைக்கும் ‘பிடியரிசி’ வழக்கம் முந்திய தலைமுறையின் பள்ளிகள் பலவற்றுக்கு ஓடு போட்டது என்றால் அது மிகையன்று. நிதிக் குழு ஒன்று வீட்டு வாசலில் நின்று ஆணை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினால் பாதி வீட்டையே கேட்டுள்ளது என்று கொள்ள வேண்டும். உம்மாமாரிடமும் மூத்தம்மாமாரிடமும் பேசுவதற்குப் பெண்களையே கொண்ட தனிக்குழுவும், பெண்ணின் பெயரிலேயே எழுதும் தனிப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வைத்த இடங்களில், கைவளையல் ஒன்றைக் கழற்றிக் கொடுத்து, “இது எங்கட உம்மாவின் பெயரில் எழுதுங்கோ” என்று சொன்னோர் பலர்.

அப்பற்றுச்சீட்டுப் புத்தகம் இத்தொழிலின் அச்சாணி. வரிசை எண் அச்சிடப்பட்டு, மூன்று பிரதிகளாக, இடையே கரித்தாள் வைத்து எழுதப்படுவது அது; முதற்பிரதி கொடுத்தவருக்கும், இரண்டாவது பொருளாளருக்கும் செல்ல, மூன்றாவது புத்தகத்திலேயே நிற்கும். பிழையாக எழுதிய சீட்டைக் கிழித்தெறியாமல், மூன்று பிரதிகளிலும் குறுக்கே கோடிட்டு ‘ரத்து’ என்று எழுதி அங்கேயே விட்டுவைக்க வேண்டும்; ஓர் எண் குறைந்தாலும் புத்தகம் முழுவதன் மீதும் ஐயம் விழும். எத்தனை புத்தகங்கள் அச்சிடப்பட்டன, யார் கையில் எவை உள்ளன, எவை திரும்பின என்ற பதிவு வசூல் தொடங்கும் நாளிலேயே திறக்கப்பட வேண்டியது. வெள்ளி ஜும்ஆவில் சால்வை விரித்துத் துண்டேந்திச் சேரும் காசுக்குப் பெயர் இராது. ஆகவே அதனைத் தொழுகை முடிந்தவுடன் அங்கேயே, குறைந்தது மூவர் முன்னிலையில் எண்ணி, தொகையைப் பலகையில் எழுதிய பின்னரே எவரும் எழுந்து செல்ல வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வந்த பணத்தோடு போன பணமும் அப்பலகையில் நிற்க வேண்டும். இத்தனை மூடை சுண்ணாம்பு, இத்தனை நாள் மேசன் கூலி, மிச்சம் இவ்வளவு என்று. கணக்கு மூன்று வெள்ளி தொடர்ந்து எழுதப்படாவிட்டால் நான்காம் வெள்ளி துண்டில் தாள் விழாது, சில்லறைதான் விழும்.

வெளிநாட்டில் தொழில் புரிவோரின் பணம் 1970களின் பிற்பகுதியிலிருந்து இவ்வூர்களின் முகத்தை மாற்றிவந்துள்ளது. கட்டாரிலோ சவூதியிலோ வாகனம் ஓட்டும் இளைஞர் அனுப்பும் தொகை சிறிது. அது சந்தாவின் நீட்சியே, ஊரின் பணமே. ஆனால் வெளிநாட்டு நிறுவனங்களின் பெருங்கொடை வேறு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களும், அம்மாதம் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்புகளும் இக்கரையின் முஸ்லிம்களை ஆழ்ந்த துயரத்திலும் நாணத்திலும் ஆழ்த்தின. அதன்பின் பள்ளிகளுக்கு வரும் வெளிநாட்டுப் பணம் பற்றிய கேள்விகள் இயல்பாகவே கூடின. அக்கேள்விகளுக்கு அஞ்சாமல் ஏட்டைத் திறந்து காட்ட முடிந்தது, உள்ளூரின் சிறுகொடைகளால் எழுந்த பள்ளிகளுக்கே. அடுத்து வந்த அடி விவசாயத்தில் விழுந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் சரிந்தது. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாமல் நின்றது. ரூபாவின் பெறுமதி ஏறத்தாழப் பாதியாயிற்று. சீமெந்து விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. பெரிய கொங்கிரீட் திட்டங்கள் நின்றுபோன அந்த ஆண்டுகளில், கையில் உள்ளதற்கு ஏற்ப ஒரு சன்னலையோ ஒரு சுவரையோ மட்டும் செப்பனிட்டுவந்த பழம்பள்ளிகளின் வேலை மெலிந்ததே தவிர நிற்கவில்லை.

பழமையைக் காக்கும் பொறுப்பை அரசிடம் விட்டுவிடலாம் என்று கருதுவோர் சட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை ஏற்பட்ட 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே தானாகப் பழஞ்சின்னம் என்று கொள்கிறது. பிந்தியவற்றுக்குத் தனியே அறிவித்தல் வர வேண்டும். இக்கரையில் இன்று நிற்கும் பள்ளிக் கட்டடங்களில் பெரும்பாலானவை அத்திகதிக்குப் பிந்தியவை. எனவே அவற்றின் காவலர் அவற்றின் ஜமாஅத்தாராகிய ஊராரே. பழையதைக் காக்க இயலும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகள் உண்டு. சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா, 1974இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, செப்பனிடப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது; முன்பு கடலை நோக்கி நின்ற அது, கடலை நிரப்பி நிலமாக்கியபின் உயர்ந்த கட்டடங்களின் நடுவே நின்றபோதும் தன் பழைய முகத்தை இழக்கவில்லை. கேரளத்தின் கொடுங்கல்லூரில் சேரமான் பள்ளியார், தொழுவோர் பெருகியதால் முன்பு ஒட்டிக் கட்டிய விரிவுகளை அகற்றி 1974க்கு முந்திய தோற்றத்தை மீட்டதோடு, தேவையான இடத்தை நிலத்தின்கீழ் மண்டபம் அமைத்துப் பெற்றுக்கொண்டனர். “இடம் போதாது” என்பதே பழையதை இடிப்போர் இக்கரையில் சொல்லும் முதற்காரணமாதலால், கொடுங்கல்லூரின் விடை இங்கும் கருதத்தக்கது. கல்முனையில் கடலருகு நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால் நிலவறை பொருந்தாது என்பது உண்மையே. ஆயின் பழைய பள்ளியை நடுவில் விட்டுப் பின்னாலோ பக்கத்திலோ விரிப்பதற்கு வளவு உள்ள ஊர்கள் பல.

அயலிலுள்ள கிறிஸ்தவ சகோதரரின் வேதக்கோயில்களோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலப்படும். கல்முனைத் திருஇருதயநாதர் ஆலயம் போன்ற கத்தோலிக்கப் பங்கு ஒன்றில், பங்குத்தந்தைக்குத் துணையாக நிதிக்குழு இருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 537ஆம் பிரிவில் விதிக்கிறது. அதற்கு மேல் மறைமாவட்டமும் ஆயரும் உள்ளனர். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது. பள்ளிவாசலுக்கு அவ்வாறு மேலிருந்து “இது காக்கப்பட வேண்டியது” என்று சொல்லும் ஆயர் இல்லை. ஊரே சொல்ல வேண்டும். ஊரைச் சொல்லவைப்பது நிதி திரட்டுவோரின் கையில் உள்ளது.

ஆகவே இக்கரையின் நம்பிக்கையாளர் சபைகளிடமும் ஜமாஅத்தாரிடமும் வேண்டுவது ஒன்றே. பழைய பள்ளியை இடிப்பதென்று தீர்மானம் எழுதுவதற்கு முன், அத்தீர்மானத்தை ஒரு முழுப் போகத்துக்குத் தள்ளிவையுங்கள். அதற்குள் மிஹ்ராபையும் மிம்பர் மேடையையும் தூண்களையும் அளந்து படமெடுங்கள். எந்தக் குடி எதைக் கொடுத்தது என்று மூத்தவர்களிடம், சிறப்பாக மூத்தம்மாமாரிடம், கேட்டு எழுதுங்கள். கரிக்கட்டியோடு ஒரு நல்ல மேசனை அழைத்துச் சுவரைத் தட்டிப் பாருங்கள். களத்துக்கு நெல் வந்ததும், அந்தப் போகத்துப் பணத்தில் ஒரேயொரு சுவரைச் சுண்ணாம்பால் செப்பனிட்டுவிட்டு, அதன் முன்னால் நின்று ஊரைக் கூட்டி முடிவெடுங்கள்.